ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்? – காதலன் ராணுவத்துல, பார்க்கப் போனவன் "நண்பன்". 29 நிமிஷக் கொரியப் படம் பற்றிப் பேசலாம்

நிலாமுற்றம்

கொரியன் பிஎல், அதாவது ரெண்டு பையன்களுக்கு நடுவுல வர்ற காதல் கதை, பார்க்கறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. பெரும்பாலும் 2022ல செமான்டிக் எரர் தொடர் வந்தப்புறம் உள்ள வந்தவங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 2009 டிசம்பர்ல வெளியான ஒரு குட்டிப் படத்துக்காக இந்த இழை. கிம் ஜோ குவாங்-சு இயக்கினது. அப்போ கொரியாவுல வெளிப்படையா "நான் கே"ன்னு சொல்லிட்டுப் படம் எடுத்தவங்க விரல் விட்டு எண்ணற அளவுதான்.

சிக்னல், டாக்ஸி டிரைவர் தொடர்கள் பார்த்தவங்களுக்கு லீ ஜே-ஹூனைத் தெரியும். அவர் பெரிய ஸ்டார் ஆகறதுக்கு முன்னாடி நடிச்சது. ஜோடி யோன் வூ-ஜின், பின்னாடி செவன் டே க்வீன் தொடர்ல ராஜாவா வந்தவர்தான்.

கதை ரெண்டு வரி. மின்-சு கட்டாய ராணுவ சேவையில இருக்கான். காதலன் சொகி அவனைப் பார்க்க ஆசை ஆசையாக் கிளம்பிப் போறான். அதே நாள் மின்-சுவோட அம்மாவும் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறாங்க. "யாருப்பா இது?"ன்னா "நண்பன்". ராத்திரி மூணு பேருக்கும் ஒரே ரூம்.

அதுக்கப்புறம் என்ன ஆகுதுங்கறதை யாரும் இங்க போடாதீங்க. அரை மணி நேரப் படம், அவங்கவங்களே பார்த்துக்கட்டும்.

எனக்கு இதுல வலிக்கற இடம் முகாமுக்கும் சியோலுக்கும் நடுவுல இருக்கற தூரம் இல்ல. அந்தத் தூரத்தைத் தாங்கிக்கலாம், நாள் எண்ணலாம், லெட்டர் எழுதலாம். பக்கத்துல வந்து உட்கார்ந்தப்புறமும் தொட முடியலையே, அதுதான். காதலியா இருந்தா அந்த அம்மா "வாம்மா"ன்னு பக்கத்துல உட்கார வெச்சிருப்பாங்க, மகனுக்காகக் காத்திருக்கற பொண்ணுன்னு ஒரு மரியாதை இருந்திருக்கும். சொகிக்குக் காத்திருக்கறவன்ங்கற பேர்கூடக் கிடையாது. பிரிவு அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா அதுக்கு அழற உரிமை ஒருத்தனுக்கும் இல்ல.

நீங்க என்ன நினைக்கறீங்க?

அருவி22

அக்கா, உங்க போஸ்ட் படிச்சிட்டுதான் பார்த்தேன். நீங்க சொல்ற அளவுக்கு எனக்கு வலிக்கல. படம் ரொம்ப லேசா, துறுதுறுன்னு போகுது. கலர், பாட்டு, சின்னப் பையன்களோட வெட்கம் எல்லாம் அழகுதான். பிரிவுன்னா எனக்கு டு மை ஸ்டார் தொடரோட ரெண்டாவது சீசன்தான். ஜி-வூ ஒரு வார்த்தை சொல்லாம சோ-ஜூனை விட்டுட்டுப் போயிடறான். சோ-ஜூன் தேடிக் கண்டுபிடிச்சுக் கிராமத்துக்கே போய் நிக்கறான். முதல் சீசன் பார்த்து அந்த வீட்டுக்குள்ள அவங்ககூடவே இருந்துட்டு, அப்புறம் இதைப் பார்க்கறப்போ நெஞ்சு அடைச்சுப் போச்சு. ரெண்டு சீசன் பழகின ஆளுங்க பிரியறதுக்கும் அரை மணி நேரத்துல பார்த்தவங்க பிரியறதுக்கும் வித்தியாசம் இருக்கே.

கடல்நுரை

அருவி சொல்றது சரி. எனக்கு இன்னொரு பிரச்சனை. மின்-சு மேல செம கோபம். அவ்வளவு தூரம் கிளம்பி வந்தவனை ஒரே வார்த்தையில நண்பன் ஆக்கிட்டான். அம்மா முன்னாடி சொல்ல முடியாது, புரியுது. ஆனா கண்ணால ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம், ரூமை விட்டு வெளிய கூட்டிட்டுப் போய் ரெண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். எல்லா இந்த மாதிரிக் கதையிலயும் ஒருத்தன் பயப்படுவான், இன்னொருத்தன் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பான். நாமளும் பயந்தவனுக்குத்தான் பரிதாபப்படணும்னு எதிர்பார்ப்பாங்க.

சிங்கைத்தம்பி

கடல்நுரை அக்கா, மின்-சு பக்கமா நான் கொஞ்சம் பேசறேன். நான் சிங்கப்பூர். எங்க ஊர்லயும் பையன்னா என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, போயே ஆகணும், ரெண்டு வருஷம். நான் போனப்போ ஆணும் ஆணும் உறவு வெச்சா குற்றம்னு சொல்ற 377ஏ சட்டம் இன்னும் இருந்துச்சு. 2022 கடைசியிலதான் நாடாளுமன்றத்துல எடுத்தாங்க.

கேம்ப்ல ஒரு முகம் போட்டுக்கிட்டே இருக்கணும். பங்க்ல, அதான் நாங்க தூங்கற ரூம்ல, பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கறவன் கேர்ள்ஃப்ரெண்ட் பத்திப் பேசுவான், நீயும் ஏதாவது பேசணும். தூங்கும்போதுகூட யாராவது கேட்டுடுவாங்களோன்னு இருக்கும். வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகி, கேம்ப்லேர்ந்து வீட்டுக்கு விட்டு, எம்ஆர்டி ரயில் ஏறின பிறகும் அந்த முகம் உடனே கழலாது, சில வாரம் ஞாயித்துக்கிழமை வந்துடும் கழலறதுக்கு, அன்னிக்கு ராத்திரியே திரும்பப் போகணும். மின்-சு கேட்டைத் தாண்டி வந்தவுடனே அம்மா நிக்கறாங்க. அவன் யோசிச்சுப் பொய் சொல்லலக்கா. போட்டிருந்த முகம் அதுவா பேசிடுச்சு.

இன்னொண்ணும் சொல்றேன். பயிற்சி முடிஞ்சு நடக்கற என் பாசிங் அவுட் பரேடுக்குக் குடும்பத்தோட சேர்ந்து ஒருத்தர் வந்திருந்தார். அம்மா, அப்பா, அக்கா, நான் எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தோம். போட்டோ எடுத்துக் கொடுத்தது அவர். இன்னும் அந்தப் போட்டோ எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. படம் எடுத்தவர் யாருன்னு வீட்ல யாரும் கேட்டதில்ல. அதனால படம் லேசா போகுதுன்னு சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல.

அருவி22

தம்பி, உங்க போஸ்ட் படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல. நன்றி.

சுவோன்வாசி

நான் சில வருஷமா கொரியாவுல வேலை பார்க்கறேன். ஃபேக்டரியில கூட வேலை செய்யற ஒரு நண்பரோட தம்பி சொர்வொன் பக்கம் முகாம்ல இருந்தான். அவரோட ஒரு சனிக்கிழமை நானும் போனேன். இந்தப் படம் நடக்கற உலகம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன்.

காங்வொன் மாகாணத்துல வடகொரிய எல்லையை ஒட்டின ஊர் அது. குளிருக்குப் பேர் போனது. சியோல்ல தோங்-சியோல் பஸ் டெர்மினல்ல இருந்து பஸ். அந்த டெர்மினல் வெள்ளி, சனியில முக்கால்வாசி ராணுவ உடுப்புதான். லீவுல வர்ற பையனுங்க ஒரு பக்கம், பார்க்கப் போற அம்மாக்களும் காதலிகளும் இன்னொரு பக்கம். முகாம் வாசல்ல பார்வையாளர் அறை. அங்க ஒரு ஃபாரம் நிரப்பணும்: உங்க பேர், நீங்க பார்க்க வந்த சிப்பாயோட பேர், எந்தப் பிரிவு, அப்புறம் "உறவு"ன்னு ஒரு கட்டம். அப்பா, அம்மா, அண்ணன், காதலி, நண்பர்னு எழுதறாங்க. எங்களுக்கு முன்னாடி நின்ன பொண்ணு கொஞ்சங்கூடத் தயங்காம "காதலி"ன்னு எழுதினா. காவலுக்கு இருந்த பையன் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உள்ள போன் போட்டான். அறை முழுக்க வறுத்த கோழி வாசனை. பார்க்க வர்றவங்க சிக்கனும் பீட்ஸாவும் வாங்கிட்டு வர்றது அங்க வழக்கம்.

படத்துல சொகி என்ன எழுதியிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க. அம்மா வர்றதுக்கு முன்னாடியே, அந்த வாசல்லயே அவன் "நண்பர்" ஆகியாச்சு. அதனால கடல்நுரை, மின்-சு ஒருத்தன் மேல மட்டும் கோபப்படறது எனக்குச் சரியாப் படல.

ஒரே ரூம் விஷயமும் சினிமாவுக்காக வெச்ச தற்செயல் இல்ல. வெளிய தங்க அனுமதி கிடைச்சாலும் சிப்பாய் முகாமைச் சுத்தி இருக்கற எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு ரொம்ப காலம் விதி இருந்துச்சு. சியோலுக்கு வர முடியாது. அந்தச் சின்ன ஊர்லயே நாலு லாட்ஜ், நாலு சாப்பாட்டுக் கடை. வார இறுதின்னா வாடகையை ஏத்திடுவாங்கன்னு சிப்பாய்ங்களும் பெத்தவங்களும் புலம்பினது 2018ல நாடு முழுக்கப் பேச்சாச்சு. 2019ல அந்த விதியைத் தளர்த்தினாங்க. போன் விஷயமும் அப்படித்தான். 2009ல சிப்பாய் கையில மொபைல் கிடையாது. வேலை நேரத்துக்குப் பிறகு வெச்சுக்கலாம்னு 2019ல சோதனையா ஆரம்பிச்சு 2020ல முறையா அனுமதிச்சாங்க. சேவைக் காலமும் இப்ப தரைப்படைக்கு 18 மாசம். அப்ப கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்.

இப்ப பார்க்கற உங்களுக்கு "ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்பு கேட்டிருக்கலாமே"ன்னு தோணும். அந்த ஒரு ராத்திரி போச்சுன்னா அடுத்தது எப்போன்னே தெரியாது அவங்களுக்கு.

நிலாமுற்றம்

சுவோன்வாசி, அந்த உறவுக் கட்டம் எனக்குத் தெரியவே தெரியாது. இதுக்காகவே இழை திறந்தது வீண் போகல.

யாழ்மணல்

நான் இதைக் கொஞ்சம் வேற மாதிரிப் பாத்தன். எல்லாரும் பெடியங்கள் ரெண்டு பேரையும் பற்றியே கதைக்கிறியள். அந்த அம்மாவை ஒருத்தரும் கவனிக்கேல்லை.

அவவும் அவ்வளவு தூரம் வந்தவ தானே. மகனைப் படைக்கு அனுப்பிப்போட்டு வீட்டில இருக்கிற தாய்க்கு ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும் எண்டு எங்கட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகன் சாப்பிட்டானோ, மெலிஞ்சு போனானோ எண்டு பாக்க ஆசைப்பட்டு வந்த மனுசி. அவவை வில்லியாக்காமல் விட்டது இயக்குநரின்ர பெரிய குணம். அவ ஒரு கெட்ட சொல்லுச் சொல்லேல்லை, தன்ர பிள்ளையோட இருக்க வேணும் எண்டு மட்டுந்தான் நிண்டவ. அதே ஆசைதான் சொகிக்கும். ஒரே ஆளைப் பாக்க வந்த ரெண்டு பேர், ஒருத்தருக்குத் தெரியுது மற்றவர் ஏன் வந்தவர் எண்டு, மற்றவவுக்குத் தெரியேல்லை. எனக்கு அவவில கோவமே வரேல்லை.

அருவி தங்கச்சி, லேசாப் போகுது எண்டு சொன்னீர். அவ கெட்டவவா இருந்திருந்தால் உமக்கு அழுகை வந்திருக்கும், படம் பாரமாத் தெரிஞ்சிருக்கும். நல்ல மனுசியா இருக்கிறதாலதான் இன்னும் கஷ்டம் எண்டு நான் சொல்லுவன். கெட்டவவிட்டை மறைக்கிறது லேசு.

கடல்நுரை

யாழ்மணல் அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. ஆனா அம்மா நல்லவங்கன்னா மின்-சுக்குச் சொல்றதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?

பழையதாள்

சட்டப் பக்கம் கொஞ்சம் பேசிடறேன். இந்தப் படத்தைப் பத்திப் பேசினா அது இல்லாம முடியாது.

கொரிய ராணுவக் குற்றச் சட்டத்துல 92-6ன்னு ஒரு பிரிவு இருக்கு. ராணுவத்துல இருக்கற ரெண்டு ஆண்கள் சம்மதத்தோட உறவு வெச்சாலும் ரெண்டு வருஷம் வரை சிறை. வெளியே சாதாரண மக்களுக்குக் கொரியாவுல இப்படி ஒரு குற்றம் கிடையாது, படையில மட்டும்தான். 2017ல தரைப்படை தேடித் தேடி இருபதுக்கும் மேற்பட்டவங்க மேல வழக்குப் போட்டுச்சு. ஒருத்தர் போனைப் பார்த்து அடுத்தவர் யாருன்னு பிடிச்சாங்கன்னு மனித உரிமை அமைப்புக்காரங்க வெளிய கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் மே மாசம் ஒரு கேப்டனுக்குத் தண்டனை ஆச்சு. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், முகாமுக்கு வெளிய, பணி நேரம் இல்லாதப்போ, சம்மதத்தோட நடந்தா தண்டிக்க முடியாதுன்னு சொல்லிச்சு. ஆனா பிரிவு அப்படியே இருக்கு. 2023 அக்டோபர்ல அரசியல் சாசன நீதிமன்றம் நாலாவது தடவையா அதைச் செல்லும்னு சொல்லிடுச்சு. அஞ்சு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு.

சொகி சிவிலியன். அதனால அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் பிரிவு நேரா வராது. ஆனா இப்படி ஒரு பிரிவு தலைக்கு மேல தொங்கற இடத்துல இருக்கறவன், தன்னைப் பத்தி ஒரு சின்னத் துப்புகூட வெளிய போகக் கூடாதுன்னு இருப்பான். சிங்கைத்தம்பி சொன்ன முகத்தை அங்கதான் செய்யறாங்க.

அடுத்தது இந்தப் படத்துக்கே நடந்தது. 15 வயசுக்கு மேல பார்க்கலாம்னு சான்றிதழ் கேட்டாங்க. படங்களுக்கு வயசு வரம்பு போடற குழு சிறுவர்கள் பார்க்கக் கூடாதுன்னு முத்திரை குத்திடுச்சு. படத்துல இருக்கறதெல்லாம் இளசுங்க காட்டற கொஞ்சலும் முத்தமும்தான். இதே ஒரு பையனும் பொண்ணுமா இருந்தா டீவியில சாயங்காலம் போட்டிருப்பாங்க. இத்தனைக்கும் சிறுவர் பாதுகாப்புச் சட்டத்து விதியில இருந்து ஓரினச்சேர்க்கைங்கற சொல்லை 2004லயே நீக்கியாச்சு. படக்குழு கோர்ட்டுக்குப் போச்சு. 2010ல நிர்வாக நீதிமன்றம் படத்துக்குச் சாதகமாத் தீர்ப்பு சொல்லிச்சு. பாலியல் சிறுபான்மையினரைப் பத்தின புரிதலுக்கு இப்படிப்பட்ட படம் உதவும்னு தீர்ப்புலயே எழுதினாங்க. மேல்முறையீடு எல்லாம் போய் 2013 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிச்சு. அரை மணி நேரப் படத்துக்கு நாலு வருஷம் கோர்ட். படம் வந்தப்போ 15 வயசா இருந்த பையன் தீர்ப்பு வர்றப்போ தானே ராணுவத்துக்குப் போற வயசுல இருந்திருப்பான்.

அதே 2013 செப்டம்பர்ல இயக்குநர் சியோல்ல சொங்கெச்சொன் ஓடைக் கரையில தன் துணையை எல்லார் முன்னாடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பதிவு பண்ணப் போனா அலுவலகத்துல வாங்க மாட்டேன்னுட்டாங்க. 2016ல கோர்ட்டும் தள்ளுபடி பண்ணிடுச்சு.

சுவோன்வாசி

பழையதாள் ஐயா சொன்னதோட இன்னொண்ணு சேர்த்துக்கறேன். 2024 ஜூலை 18 அன்னிக்கு இங்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒரு ஆண் ஜோடியில ஒருத்தரோட தேசிய மருத்துவக் காப்பீட்டுல இன்னொருத்தரைச் சார்ந்தவரா முதல்ல சேர்த்துட்டு, அப்புறம் "தப்பாச் சேர்த்துட்டோம்"னு அலுவலகம் நீக்கியிருந்துச்சு. அது பாகுபாடு, அவரைச் சேர்த்துக்கணும்னு தீர்ப்பு. கல்யாணம் இன்னும் கிடையாது. ஆனா ஒரு அரசு ஃபாரத்துல உறவுங்கற கட்டத்துல அவங்களுக்கு ஒரு இடம் கிடைச்சிடுச்சு. அன்னிக்கு என்கூட வேலை செய்யற ஒருத்தர் மதியச் சாப்பாட்டு நேரம் பூரா போனையே பார்த்துக்கிட்டு இருந்தார், சாப்பாட்டைத் தொடல. நான் எதுவும் கேட்கல.

அருவி22

திரும்பப் பார்த்தேன். பார்வையாளர் அறை, லாட்ஜ் எல்லாம் தெரிஞ்சப்புறம் வேற படமாத் தெரியுது. முதல் தடவை எனக்கு வெட்கமாத் தெரிஞ்ச இடம் எல்லாம் இப்ப அவசரமாத் தெரியுது, இந்த நிமிஷத்தை விட்டா போச்சுங்கற அவசரம்.

ஆனா டு மை ஸ்டார் ரெண்டாவது சீசன் விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்க சட்டமோ ராணுவமோ அம்மாவோ வந்து பிரிக்கல. ஒருத்தன் தானே முடிவு பண்ணிட்டுப் போறான், மத்தவனுக்கு ஏன்னே தெரியல. வெளிய எதிரி இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கலாம். எதிரியே இல்லாதப்போ தன்னையேதான் திட்டிக்கணும். அதோட இயக்குநர் ஹ்வாங் தா-சுல் இயக்கின எல்லாத்துலயும் இந்த மாதிரி ஒரு வலி இருக்கு. 2020ல அவங்க எடுத்த வேர் யுவர் ஐஸ் லிங்கர் எட்டே எபிசோட், ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம் போல. அதுல பணக்கார வீட்டுப் பையன், அவனைக் காவல் காக்கறவன். பிரிவு அங்க அப்பா ரூபத்துல வரும்.

நிலாமுற்றம்

அருவி, இதை ஒத்துக்கறேன். சொகிக்கு மின்-சு மேல சந்தேகம் கிடையாது, அந்த விதத்துல அவன் கொடுத்து வெச்சவன். சோ-ஜூனுக்கு அதுகூட இல்ல. ரெண்டையும் தராசுல வெச்சு எது பெரிய துக்கம்னு பார்க்க நான் வரல.

ஒண்ணு மட்டும் சொல்றேன். இப்ப வர்ற பிஎல் தொடர்கள்ல ராணுவம் ஏறக்குறைய வர்றதே இல்ல. கதாநாயகங்க எல்லாம் காலேஜ்ல படிக்கறாங்க, இருபது இருபத்தி ரெண்டு வயசு. கொரியாவுல அந்த வயசுப் பையனுக்கு அடுத்து வரப்போற பெரிய விஷயமே அதுதான். ஒண்ணு போகணும், இல்ல போயிட்டு வந்திருக்கணும். 2023ல வந்த தி எய்ட்த் சென்ஸ் இதுக்கு விதிவிலக்கு. ஜே-வொன் ராணுவம் முடிச்சுட்டுக் காலேஜுக்குத் திரும்பினவன், அவன் மனசுல இருக்கற பாரத்தைத் தொடர் மறைக்கல. மத்தபடி பாருங்க, செமான்டிக் எரர் ஓடிக்கிட்டிருந்த அதே 2022 மார்ச்ல அதுல நடிச்ச பாக் சோ-ஹாம் நிஜமாவே சேவைக்குப் போயிட்டார். தொடர் ஹிட் ஆனதைக்கூட அவரால முழுசா அனுபவிக்க முடியல. ரசிகர்கள் 2023 டிசம்பர் வரைக்கும் காத்திருந்தாங்க. நிஜத்துல அவ்வளவு பெரிய விஷயம், கதைக்குள்ள மட்டும் இல்லாம போயிடுது. எடுக்கறவங்களுக்குப் பயமா, பார்க்கறவங்களுக்கு வேண்டாமா தெரியல. 2009ல காசு இல்லாம எடுத்த ஒரு சின்னப் படம் அதை நேராப் பார்த்துச்சு. அதனாலதான் இதை எல்லாரும் பார்க்கணும்னு சொல்றேன்.

சிங்கைத்தம்பி

உண்மைக்கா. போயிட்டு வந்தப்புறம் ஒரு ஜோடி எப்படி மாறிப் போறாங்கன்னு யாராவது ஒரு தொடர் எடுக்கணும். நாங்க மாறினோம். அவர் எனக்காகக் காத்திருந்தார், ஆனா திரும்பி வந்த என்னை அவருக்கு அவ்வளவாப் பிடிக்கல. சண்டை எதுவும் இல்ல. கேம்ப்ல பழகின அந்தப் பேசாத குணம் எனக்கு வீட்டுக்கு வந்தும் போகல. இப்பவும் நண்பர்கள்தான், இந்தத் தடவை நிஜமாவே.

யாழ்மணல்

தம்பி, அந்தப் போட்டோவை எடுத்தது ஆர் எண்டு ஒரு நாளைக்கு அக்காவுக்காவது சொல்லும்.

கடல்நுரை

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். ஃபாரம், லாட்ஜ், சட்டம் எல்லாம் புரிஞ்சது. மின்-சு கோழைன்னு இனிமே சொல்ல மாட்டேன். ஆனா கோபம் முழுசாப் போகல. அமைப்பு மொத்தமும் உன்னைப் பொய் சொல்ல வைக்குதுன்னா, அந்தப் பொய்யோட சுமை யார் தோள்ல விழுதுன்னு பார்க்கற பொறுப்பாவது உனக்கு இருக்கு. அந்த ரூம்ல சொகிதான் எல்லாத்தையும் சமாளிக்கறான். அம்மாகிட்ட சிரிச்சுப் பேசறது அவன், ஒதுங்கிப் போறதும் அவன். நாளைக்கு எய்ட்த் சென்ஸ் ஆரம்பிக்கறேன். அதுக்கு யாராவது தனி இழை போடுங்க, அங்க ஜே-வொனையும் கேள்வி கேட்கறேன்.